துளசித் தொட்டியில் ஒதுங்கும் குட்டி

கேள்வி:

டாக்டர், நாங்கள் சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மகளின் நச்சரிப்பு தாங்காமல் 10 நாளுக்கு முன்பு ஒரு பூனைக்குட்டியை எடுத்துவந்தேன். அலுவலகத் தோழியின் மொட்டைமாடியில் பிறந்தது. 7 வாரம் ஆகியிருக்கும் என்றாள். கறுப்பு, வெள்ளை, செம்பட்டை மூன்றும் திட்டுத்திட்டாகக் கலந்த நிறம். மகள் சோமு என்று பெயர் வைத்திருக்கிறாள். பால்சாதமும் கொஞ்சம் மீனும் கொடுக்கிறோம். மூடி போட்ட பெரிய லிட்டர் பாக்ஸ் (பூனைக்கான கழிப்புப் பெட்டி), அதில் கொட்டும் லாவெண்டர் வாசனை லிட்டர் குருணை எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கி, யூட்டிலிட்டியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தேன். அவன் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பால்கனியில் மாமியாரின் துளசித் தொட்டியில் போய் உட்காருகிறான். இல்லையென்றால் கட்டிலடி, அழுக்குத்துணிக் கூடை. கக்கா இளக்கமாகத்தான் போகிறது. இரண்டு முறை மூக்கை அதிலேயே தேய்த்துக் கண்டித்தேன். இப்போது என்னைக் கண்டாலே ஓடுகிறான். ஒவ்வொரு முறையும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன், மறுபடி அதே இடம்தான். அடுத்த மாதம் நாத்தனார் பேறுகாலத்துக்கு வருகிறாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது, கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்:

துளசித் தொட்டி என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் மாமியார் இடத்தில் நின்றால் இதில் சிரிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் குட்டியின் இடத்தில் நின்றும் ஒரு நிமிடம் பாருங்கள். கீறினால் குழி விழுகிற மண் இந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறது. மூன்றாவது மாடியில் அது கிடைக்கிற ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, ஏறிப் போய், காரியத்தை முடித்துவிட்டு வருகிறது. ஆக, உங்கள் குட்டிக்கு ஒதுங்கத் தெரியும். நீங்கள் அதற்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்குத் தெரிந்த மண்ணை நாம் விரும்புகிற இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்து முதல் மூன்று வாரம் பூனைக்குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். நான்காவது வாரவாக்கில் தானே நடந்து போய், மண்ணைக் கீறி, உட்கார்ந்து, மூடப் பழகுகிறது. அந்த நாட்களில் காலுக்கடியில் என்ன கிடந்ததோ அதுதான் கழிப்பிடம் என்று மனதில் பதிந்துவிடும். உங்கள் குட்டி மொட்டைமாடியில் பிறந்தது. அங்கே பூந்தொட்டிகள் இருந்தனவா என்று தோழியிடம் கேட்டுப்பாருங்கள். இருந்திருக்கும் என்பது என் ஊகம். லாவெண்டர் மணக்கும் வெள்ளைக் குருணையை அது பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. அது ஏதோ தரை விரிப்பு என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்தக் குருணையே சமீபத்திய சமாச்சாரம்தான். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண்ணை விற்றுக்கொண்டிருந்தார். பூனைக்கு மணல் கிடைக்கவில்லை என்று கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதில் கொஞ்சம் அள்ளிக் கொடுத்தார். அங்கிருந்துதான் இந்த வியாபாரமே கிளம்பியது. அதற்கு முன்பு எல்லா ஊர்ப் பூனைகளுக்கும் மணலும் சாம்பலும்தான்.

எனவே, அந்த 1,800 ரூபாயைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். மூடியைக் கழற்றி ஒரு பக்கம் வையுங்கள். மூடிய பெட்டிக்குள் நாற்றம் தங்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் குட்டிக்கு வெளியே யார் வருகிறார்கள் என்றும் தெரியாது. குட்டி பெரிதான பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குப் பாத்திரக் கடையில் கிடைக்கும் தாழ்வான பிளாஸ்டிக் டிரே இரண்டு போதும். விளிம்பு நாலு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். எட்டரை வாரக் குட்டி அவசரத்தில் சுவர் ஏறிக் குதிக்காது. ஒரு பூனைக்கு எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். ஒன்றில் மூத்திரம், இன்னொன்றில் மலம் என்று பிரித்துப் போகிற பூனைகள் நிறைய உண்டு. ஒன்று அசுத்தமாக இருந்தால் மாற்று இடமும் வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் கணக்கு.

டிரேயில் என்ன போடுவது? நர்சரியில் உரம் கலக்காத செம்மண்ணும் மணலும் கொஞ்சம் வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து, இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். எரு, வேப்பம்பிண்ணாக்கு கலந்த தொட்டி மண் வேண்டாம். கட்டடம் கட்டும் இடத்தில் குவித்திருக்கும் மணலையும் அள்ளி வராதீர்கள். அது ஏற்கெனவே தெருப்பூனைகளின் கழிப்பறை, யாருடைய நோய் அதில் கிடக்கிறதோ! குட்டி கடைசியாகப் போன மலத்தில் ஒரு துளியைக் காகிதத்தால் எடுத்து இந்த மண்ணில் வைத்துவிடுங்கள். அருவருப்பாக இருக்கும், தெரியும். ஆனால் இது உங்கள் இடம் என்று பூனைக்குச் சொல்ல அதைவிடத் தெளிவான பலகை கிடையாது.

நாலைந்து நாள் தவறாமல் டிரேயில் போனது என்றால், கடை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கத் தொடங்குங்கள். முதலில் ஒரு கைப்பிடி, இரண்டு நாள் கழித்து இன்னொரு கைப்பிடி. இரண்டு வாரத்தில் முழுக்க மாறிவிடலாம். ஆனால் வாசனை போட்ட அந்த லிட்டர் வேண்டாம். நமக்கு இதமாக இருக்கும் லாவெண்டர், பூனையின் மூக்குக்குச் சாம்பிராணிப் புகை நிரம்பிய அறை மாதிரி. ஈரம் பட்டால் இறுகிக் கட்டியாகும் பென்டோனைட் களிமண் வகையையும் நாலு மாதம் ஆகும்வரை தள்ளி வையுங்கள். குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், அது வயிற்றுக்குள் போய்க் கட்டிக்கொண்டால் வம்பு. மரத்தூள் குருணையோ காகிதக் குருணையோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை உங்கள் குட்டி லிட்டரையோ மண்ணையோ விடாமல் தின்றால் ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்தசோகை உள்ள குட்டிகள் அப்படிச் செய்வதுண்டு.

அடுத்தது இடம். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் குட்டி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மெஷின் சுழலும் கட்டத்துக்குப் போய் உலுக்கினால் போதும், அப்புறம் அந்தப் பக்கமே வராது. ஏற்கெனவே அது நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. (துணி போடுவதற்கு முன்பு மெஷின் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். குட்டிகள் அதற்குள் தூங்கப் போகும்.) ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளியுள்ள, மூலையில் சிக்கிக்கொண்ட மாதிரித் தோன்றாத இடமாகப் பாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. 10 நாளாக முழு ஃபிளாட்டும் குட்டிக்குத் திறந்துகிடக்கிறது. ஒரு கிலோகூடத் தேறாத உயிருக்கு உங்கள் ஹாலும் இரண்டு படுக்கையறையும் ஒரு தாலுகா மாதிரி. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் குட்டிக்கு முட்டிக்கொண்டு வரும்போதுதான் நினைவு வரும். அதற்குள் யூட்டிலிட்டி எங்கே, நாம் எங்கே! நல்ல பழக்கம் இருக்கிற குட்டியும் வழியிலேயே கட்டிலடியில் ஒதுங்கிவிடும்.

அதனால் நாளையே புதிதாக ஆரம்பியுங்கள், இன்றுதான் குட்டி வீட்டுக்கு வந்தது போல. ஒரே ஒரு அறை. மகளின் அறையாக இருந்தால் நல்லது. ஒரு மூலையில் இரண்டு டிரேக்கள், எதிர்மூலையில் தண்ணீரும் சாப்பாடும், நடுவில் எங்காவது ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி, உள்ளே பழைய புடவைத் துணி. பயம் வந்தால் ஓடி ஒளிய அந்தப் பெட்டி. அதற்குள் போனால் யாரும் கைவிட்டு இழுக்கக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கட்டிலுக்கடியில் சூட்கேஸ்களை நெருக்கி அடுக்கி வழியை அடைத்துவிடுங்கள். அழுக்குத்துணிக் கூடையை மூடிவையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்துக்குள்ளும், ஓடியாடி விளையாடி நிறுத்தியதும் குட்டிக்கு வரும். அந்த நேரங்களில் தூக்கி டிரேயில் விடுங்கள். முன்காலைப் பிடித்து மண்ணைக் கீறவைப்பார்கள் சிலர், அது வேண்டாம். உங்கள் விரலால் மண்ணை நாலு கீறு கீறிக் காட்டுங்கள், சத்தத்துக்கே குட்டிக்குப் புரியும். போனால் ஒரு துணுக்கு மீன். போகாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் தவறு நடக்காவிட்டால் அடுத்த அறையைத் திறக்கலாம். அப்போது ஒரு டிரேயை அங்கே கொண்டுபோங்கள். யூட்டிலிட்டிதான் வசதி என்றால், எல்லாம் படிந்த பிறகு டிரேயை நாளுக்கு ஒரு முழம் நகர்த்தி அங்கே கொண்டுசேருங்கள். மெஷினிலிருந்து தள்ளித்தான்.

மூக்கைத் தேய்த்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களைத் திட்டப் போவதில்லை, என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் குட்டிக்கு அதில் பதிந்தது 'இங்கே போகக் கூடாது' என்பது இல்லை. 'இந்த அம்மா முன்னால் போகக் கூடாது' என்பதுதான். அதனால்தான் கட்டிலடி. இனிமேல் தவறான இடத்தில் உட்காருவதைக் கண்ணால் பார்த்தாலும் கத்தாதீர்கள். மெதுவாகத் தூக்கி டிரேயில் விடுங்கள். முடிந்த பிறகு பார்த்தீர்கள் என்றால் பேசாமல் துடைத்துவிட்டுப் போங்கள். இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதும் கஷ்டமில்லை. அடுத்த ஒரு வாரம் எல்லா வேளைச் சாப்பாட்டையும் நீங்களே வையுங்கள். வைத்துவிட்டு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து செல்போனையோ வெங்காயத்தையோ பாருங்கள், குட்டியைப் பார்க்காதீர்கள். அது உங்களைப் பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். பூனை மொழியில் அது நல்ல வார்த்தை. மூன்றாம் நாள் மடியில் ஏறினால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

பினாயிலை இன்றே நிறுத்துங்கள். இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கறுப்புப் பினாயில், டெட்டால் போன்றவற்றில் உள்ள ஃபீனால் வகை வேதிப்பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கியே அது உடம்புக்குள் போய்ச்சேரும். டிரேயையும் இவற்றால் கழுவக் கூடாது. மூத்திரம் போன இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடுவதும் ஆபத்து, மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். சரி, வேறு என்ன செய்வது? முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் கிளீனரைத் தெளித்து, பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஊறவிடுங்கள். அவசரப்பட்டு உடனே துடைத்தால் பயன் இல்லை. மூத்திர வாடைக்குக் காரணமான பொருள்களையே அந்தக் கிளீனர் சிதைத்துவிடும். பினாயில் நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றுகிறது. குட்டிக்கு அங்கே பழைய வாடையும் தெரிகிறது. அதனால்தான் மறுபடி அதே இடம்.

டிரேயைக் காலையும் மாலையும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறையில் கொட்டினால் பிளம்பருக்குத்தான் லாபம்.

இனி கர்ப்பிணி விஷயம். உங்கள் மாமியார் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அவர் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு: டாக்ஸோபிளாஸ்மா. பூனை மலத்தில் வரக்கூடிய ஒட்டுண்ணி. கர்ப்பக் காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆனால் முழுக்கதையையும் அவரிடம் சொல்லுங்கள். பூனை வாழ்நாள் முழுக்க இதை வெளியேற்றிக்கொண்டே இருப்பதில்லை. பெரும்பாலும் முதல்முறை தொற்றும்போது ஓரிரு வாரம்தான். பொதுவாக எலி பிடித்தோ பச்சை இறைச்சி தின்றோதான் பூனைக்கே அது வருகிறது. வேகவைத்த உணவோடு வீட்டுக்குள்ளேயே வளரும் குட்டிக்கு வாய்ப்பு குறைவு. அப்படியே வந்தாலும் மலத்தில் வெளிவரும் முட்டைகள் உடனே தொற்றாது. தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். தினமும் அள்ளிப் போடும் டிரேயில் அதற்கு நேரமே கிடைக்காது. அந்த வேலையை நாத்தனார் செய்யக் கூடாது. நீங்கள் செய்யுங்கள், கையுறை போட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவி. குட்டியைத் தடவிக் கொஞ்சுவதால் இது பொதுவாக வருவதில்லை. மனிதர்களுக்கு இது சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத கீரை காய்கறியிலும், மண்ணிலும்கூட வருகிறது. வீட்டில் பூனை இருப்பதை நாத்தனார் தன் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவைக்கட்டும். தேவை என்று பட்டால் அவர் ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

மண் என்றேன் அல்லவா, அந்தத் துளசித் தொட்டிதான் இப்போது வீட்டிலேயே கவனிக்க வேண்டிய இடம். டிரேயைத் தினமும் அள்ளுகிறோம், தொட்டியை யாரும் அள்ளுவதில்லை. ஈரமண்ணில் அந்த முட்டைகள் பல மாதம் தாக்குப்பிடிக்கும். எனவே கையுறை போட்டு மேல்மண்ணை நாலு அங்குலம் எடுத்துக் கட்டிப் போட்டுவிட்டுப் புதுமண் நிரப்புங்கள். வேருக்கு வலிக்காமல் முடிந்தால் முழுத்தொட்டியையே மாற்றிவிடுங்கள். மேலே கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். கீற முடியாத தொட்டியில் பூனை உட்காராது. புதுத்தொட்டி பழகும்வரை துளசி இலையைத் தீர்த்தத்துக்கும் கஷாயத்துக்கும் எடுக்க வேண்டாம். நாத்தனார் அந்த மண்ணில் கைவைக்கவே வேண்டாம்.

பால்கனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாவது மாடி, கம்பி இடைவெளியில் நுழையும் அளவுக் குட்டி. விழுந்து தாடை உடைந்து வரும் பூனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புறாவலை கட்டியிருந்தாலும் அடி ஓரம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கதவு மூடியே இருக்கட்டும்.

இளக்கமாகப் போவதற்குக் காரணம் பாலாக இருக்கலாம். பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பால்குடி மறக்கும் பூனைகளுக்குக் குறைந்துகொண்டே போகும். பால் வைத்த தட்டும் பூனையும் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பால்சாதத்தை நிறுத்திவிட்டு, குட்டிகளுக்கென்று விற்கும் பூனை உணவை நாளுக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பழைய உணவோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். இடையில் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியோ முள் எடுத்த மத்தி மீனோ கொடுக்கலாம். பூனை முழு அசைவ உயிர். டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். சாதத்தில் அது இல்லை.

பாலை நிறுத்தி இரண்டு மூன்று நாளிலும் சரியாகவில்லை என்றால் குடற்புழுவாக இருக்கலாம். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். வயிற்றுப்போக்கு இருக்கும் குட்டியால் டிரேவரை தாக்குப்பிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இதைச் சரிசெய்யாமல் பழக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. குழந்தைகளுக்கான புழு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், எடை பார்த்துத்தான் அளவு. காய்ச்சல் போலத் தெரிந்தால் பாரசிட்டமால் கொடுப்பது இன்னும் மோசம். பூனைக்கு அது விஷம். குட்டி ஒரே நாளில் வாடி, சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, டிரேயில் முக்கி முக்கி மூத்திரம் வராமல் இருந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எப்படியும் இந்த வாரம் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். எட்டரை வாரம் என்பது முதல் தடுப்பூசிக்கான வயது. பூனைகளின் மூன்று வைரஸ் நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி 12 வாரத்துக்குப் பிறகு. குட்டி மகளைக் கடித்தாலோ நகம் பட்டு ரத்தம் வந்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அவளை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மொட்டைமாடியில் பிறந்த குட்டி என்பதால் சொல்கிறேன். மூடியுள்ள கூடையில் கொண்டுபோங்கள், ஸ்கூட்டரில் கைப்பைக்குள் வேண்டாம். அன்று காலை மலத்தைச் சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கறுப்பும் செம்பட்டையும் ஒரே உடம்பில் கலந்து வரும் பூனைகள் கிட்டத்தட்ட எல்லாமே பெண். அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டு நிறமும் வர இரண்டு எக்ஸ் வேண்டும். ஆயிரத்தில் ஒன்றுகூட ஆணாகத் தேறாது. மருத்துவர் வாலைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துவிடுவார். கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு எப்போது வர வேண்டும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள், ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும் பெட்டைகள் உண்டு. சோமு என்ற பெயரை என்ன செய்வது என்று மகள் முடிவுசெய்யட்டும்.